வெள்ளித்திரையில் எங்கள் கரை

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், விலங்கியல்

ஒரு நாட்டை நேரில் காணாதவன் அதை எவ்வாறு அறிவான்? முன்னாளில் யாத்திரிகர் எழுதிவைத்த குறிப்புகளைப் படித்து அறிந்தான். பின்னர் செய்தித்தாளைப் படித்து அறிந்தான். இன்றோ திரையைப் பார்த்து அறிகிறான். நம் வகுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் கால் வைத்தவர் நம்மில் ஒருவருமில்லை. ஆயினும் அந்நாட்டுப் பள்ளிகளில் வகுப்பறையை மாணவர்களே பெருக்கித் துடைக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். வீட்டுக்குள் நுழைகையில் காலணியைக் கழற்றி வைப்பார்கள், கோடை வந்தால் மரந்தோறும் சிள்வண்டு இரையும், மதியச் சாப்பாட்டைத் தாய் ஒரு சிறு பெட்டியில் ஓவியம் போல் அடுக்கித் தருவாள் என்பதெல்லாம் தெரியும். யார் சொல்லித் தந்தார்கள்? தமிழில் பேசும் டோரேமானும் சின்சானும் சொல்லித் தந்தார்கள்!

சென்ற பருவத்தில் மதிய இடைவேளை ஒன்றில் எங்களுக்குள் பெரிய வாதமே மூண்டது. அந்தச் சித்திரப்படங்கள் காட்டும் ஜப்பான் மெய்யான ஜப்பானா, அல்லது வரைபவர்களின் கற்பனையா என்பது பொருள். சோற்றுப் பொட்டலத்தை மறந்துவிட்டு இரு கட்சியாகப் பிரிந்து பேசினோம். அந்த வாதத்துக்காகத் தேடிப் படித்தவற்றை இங்கே முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனெனில் அவற்றைப் படிக்கப் படிக்க என் எண்ணம் ஜப்பானை விட்டு உடன்குடிக்கும் மணப்பாட்டுக்கும் தேரிக்காட்டுக்கும் வந்து நின்றுவிட்டது.

ஜப்பானியத் தொலைக்காட்சியில் 1969 அக்டோபர் முதல் இன்றுவரை ஞாயிறு மாலைதோறும் ஒளிபரப்பாகிவரும் ஒரு தொடர் உண்டு. 'சசாயே-சான்' என்பது அதன் பெயர். ஹசெகாவா மாச்சிகோ என்னும் பெண்மணி 1946இல் ஒரு நாளிதழில் வரையத் தொடங்கிய கேலிச்சித்திரமே அதன் மூலம். உலகிலேயே மிக நீண்டகாலம் ஓடும் சித்திரத் தொடர் என்று அது கின்னஸ் புத்தகத்தில் இடம் பெற்றிருக்கிறது. கடற்கரை மாவட்டத்தில் பிறந்து விலங்கியல் படிக்கும் எனக்கு அதில் ஒரு தனி மகிழ்ச்சி. அக்குடும்பத்தினர் எல்லாருக்கும் கடல் சார்ந்த பெயர்கள்! சசாயே என்றால் ஒருவகைக் கடற்சங்கு. தம்பி கட்சுவோ, நம் சூரை மீன். தங்கை வகாமே, கடற்பாசி. நம் தூத்துக்குடியில் ஒரு குடும்பத்துக்குச் சூரை, சாளை, பாசி என்று பெயரிட்டுத் தொடர் எடுத்தால் எப்படியிருக்கும் என்று எண்ணிச் சிரித்துக்கொண்டேன். அந்தச் சூரையை அவித்து உலர்த்திக் கட்டையாக்கி, சீவிப் போட்டுச் சாறு காய்ச்சுவது ஜப்பானியர் சமையலின் அடிப்படை. நாமும் அதே சூரையை அவித்து உலர்த்தி மாசிக் கருவாடு ஆக்குகிறோம். கடல் ஒன்றானால் கைப்பக்குவமும் ஒன்றாகிவிடுகிறது போலும்.

நிற்க. அத்தொடரில் தாத்தா பாட்டி, மகள் மருமகன், பேரன் என மூன்று தலைமுறை ஒரே கூரையின்கீழ் வாழ்கிறது. ஒருவருக்கும் வயது ஏறுவதில்லை. வீட்டில் இன்னும் சுழற்றிப் பேசும் பழைய கறுப்புத் தொலைபேசி. இன்றைய ஜப்பானில் அத்தகைய வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நமது டோரேமானிலும் இதே கதைதான். நொபிட்டாவும் நண்பர்களும் கூடும் காலி மனையும் அதில் அடுக்கிக் கிடக்கும் சிமெண்டுக் குழாய்களும் ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய டோக்கியோவின் நினைவு. ஆக, இந்தப் படங்கள் இன்றைய ஜப்பானை அப்படியே காட்டுகின்றன என்று சொன்ன கட்சி தோற்றது.

ஆனால் கற்பனை என்று சொன்ன கட்சியும் வெல்லவில்லை! சின்சானை எடுத்துக்கொள்வோம். பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்ற முறையீட்டால் 2008இல் நம் நாட்டில் சில காலம் நிறுத்தி வைக்கப்பட்ட தொடர் அது. அந்தக் குடும்பம் வாழ்வது கசுகாபே என்னும் உண்மையான ஊர். தகப்பன் வடக்கே அகிதாவிலிருந்து பிழைக்க வந்தவன்; தாய் தெற்கே குமாமோத்தோவைச் சேர்ந்தவள். வீட்டுக் கடன் கழுத்தை நெரிக்க, நாள்தோறும் ரயிலேறி டோக்கியோவுக்கு வேலைக்குப் போய்வருகிறான். ஊரிலிருந்து தாத்தா வந்தால் அவர் பேச்சில் அவர் மண் மணக்கும். தமிழில் வரும்போது அந்த மணம் போய்விடுகிறது; எல்லாரும் ஒரே தமிழைப் பேசுகிறார்கள். அமெரிக்காவில் இதைவிட வேடிக்கை நடந்தது. போக்கிமான் தொடரில் பிள்ளைகள் கையில் வைத்துத் தின்னும் சோற்று உருண்டையை, ஆங்கிலத்தில் பேசவைத்தவர்கள் பழப்பாகு அடைத்த இனிப்பு வடை என்று மாற்றிச் சொன்னார்கள். திரையில் சோறு தெரிகிறது. காதில் வடை கேட்கிறது! எங்கள் ஊர்க் கருப்பட்டியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு "இந்த வெல்லம் என்ன விலை?" என்று கேட்கும் வெளியூர்க்காரர் என் நினைவுக்கு வந்தார்.

மேலும் இரண்டு படங்களைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1991இல் இசாவோ தகாஹாத்தா என்னும் இயக்குநர் எடுத்த ஒரு படத்தில், டோக்கியோ அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண் விடுமுறை எடுத்துக்கொண்டு யமகாத்தா கிராமத்துக்குக் குசும்பப்பூப் பறிக்கப் போகிறாள். அவ்வளவுதான் கதை. அந்தப் பூவில் முள் உண்டு. விடியலில், பனி ஈரத்தில் முள் இளகியிருக்கும்போதுதான் பறிக்க வேண்டும். பறித்ததைக் கழுவி, மிதித்து, புளிக்கவைத்து, தட்டிக் காயவைத்துச் சாயம் எடுக்க வேண்டும். இத்தனையும் ஒரு சித்திரப்படத்தில், பொறுமையாக, ஒவ்வொரு கைவேலையாக வரையப்பட்டிருக்கிறது. விரலில் குருதி சொட்டப் பறித்த அந்நாளையப் பெண்களுக்கு அந்தச் செஞ்சாயத்தைத் தம் உதட்டில் பூசும் வாய்ப்புக் கிட்டியதில்லை என்பதையும் அப்படம் சொல்கிறது. மற்றது 2016இல் சுனாவோ கதாபுச்சி எடுத்தது. போர்க்காலத்தில் கூரே என்னும் துறைமுக நகரில் ஒரு மருமகள் எப்படிச் சமைத்தாள், எப்படித் தைத்தாள் என்பதே படம். அணுகுண்டில் அழிந்துபோன ஹிரோஷிமாத் தெரு ஒன்றைத் திரையில் மீண்டும் எழுப்புவதற்காக அவர் பழைய புகைப்படங்களைத் தேடித் திரட்டினார். அத்தெருவில் வாழ்ந்து முதுமையுற்றவர்களைச் சந்தித்துக் கேட்டுக் கேட்டு வரைந்தார். அந்தத் தெரு இருந்த இடத்தில் இன்று இருப்பது நினைவுப் பூங்கா.

ஒரு தெருவில் எந்தக் கடைக்கு அடுத்து எந்தக் கடை இருந்தது என்பதற்காக ஒரு கலைஞன் இவ்வளவு பாடுபடுகிறான் என்று படித்தபோது, நண்பர்களே, எனக்குப் பொறாமையாக இருந்தது. எங்கள் கரையை இப்படி யாராவது கேட்டு எழுதியிருக்கிறார்களா?

படப்பிடிப்பு எங்கள் பகுதிக்குப் புதிதன்று. சீனு ராமசாமியின் 'நீர்ப்பறவை' 2012இலும் மணிரத்னத்தின் 'கடல்' 2013இலும் வெளிவந்தன. இரண்டுக்கும் பக்கத்து ஊரான மணப்பாட்டில் படப்பிடிப்பு நடந்தது. புனித சவேரியார் 1542இல் வந்து தங்கிய குகையும், மணற்குன்றின்மேல் கடலைப் பார்த்து நிற்கும் திருச்சிலுவைக் கோயிலும் உள்ள ஊர். காமிரா காதல் கொள்ளாமல் என்ன செய்யும்? 'நீர்ப்பறவை'யில் ஒரு படகு கட்டப்படுவதைக் காட்டுகிறார்கள். கடலுக்குப் போய்த் திரும்பாதவனுக்காகக் காத்திருக்கும் வீட்டின் மௌனத்தைக் காட்டுகிறார்கள். அந்த மட்டில் அது நேர்மையான படம் என்பேன். 'கடல்' படத்தில் கடல் இருந்தது, வானம் இருந்தது, தேவாலயம் இருந்தது, புயலும் இருந்தது. மீன்பிடித் தொழில்தான் தேட வேண்டியிருந்தது. எந்தக் காற்றுக்கு எந்த வலை, ஏலக்காரரிடம் பட்ட கடன் எவ்வளவு, டீசல் விலை ஏறினால் எந்த வீட்டில் முதலில் அடுப்பு அணையும் என்பவையெல்லாம் அழகிய காட்சிக்கு இடையூறு என்று விட்டுவிட்டார்கள் போலும். தூத்துக்குடியை 'முத்துநகர்' என்று அழைக்காத படமும் மேடையும் இல்லை. கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961இல்! அதன்பின் சங்கு குளித்தவர்களும் குளிப்பவர்களும் உண்டு; அவர்களுடைய மூச்சைப் பற்றி யார் படம் எடுத்தார்கள்?

கடலோரத்துக்காவது இரண்டு படம் கிட்டியது. தேரிக்காட்டுக்குக் கிட்டியது என்ன? சண்டை! எங்கள் செம்மணலில் ஓடினால் புழுதி சிவப்பாக எழும்பும், விழுந்தால் அடிபடாது, குருதியும் மண்ணும் ஒரே நிறம். இதைவிட வசதியான களம் சண்டைப் பயிற்சியாளருக்கு எங்கே கிடைக்கும்? ஆகவே திரையில் எங்கள் மாவட்டத்து ஆண்பிள்ளை என்றால் முதுகில் அரிவாளைச் செருகியவன், வாயைத் திறந்தால் 'ஏலே' என்பவன், நான்கு மூட்டையைத் தூக்கி வீசுகிறவன் என்று ஆகிவிட்டது.

அரிவாளைப் பற்றி எனக்கு உரிமையோடு பேச முடியும். எங்கள் வீட்டிலும் அரிவாள் உண்டு. என் தகப்பனார் பனையேறி. அவருடைய இடுப்பில் கட்டிய அரிவாள்பெட்டியில் இருப்பது பாளை அரிவாள். பருவ காலத்தில் நாளும் முப்பது பனைக்குக் குறையாமல் ஏறி இறங்குவார். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. இடுக்கிப் பதப்படுத்திய பாளையின் நுனியை ஒரு தாளின் கனத்துக்குச் சீவ வேண்டும். கனமாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்து போகும். சீவாவிட்டால் பதநீர் சுரப்பு அடைந்துவிடும். அந்தக் கூர்மைக்காக அதைத் தீட்டுவதற்கே விடியுமுன் கால்மணி நேரம் செலவாகும். சிறுவயதில் அந்த அரிவாளால் நுங்கு சீவப் போன என்னை அம்மா போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. மனிதனை வெட்டுவது கிடக்கட்டும். தேங்காய் வெட்டக்கூட அதை எடுக்க விடமாட்டார்கள்! இதைத் திரையில் ஒருமுறையாவது காட்டியிருந்தால், வெளியூர்க் கல்லூரி விழாவுக்குப் போயிருந்தபோது "உங்கள் ஊரில் எல்லார் வீட்டிலும் அரிவாள் இருக்குமாமே?" என்று ஒரு தோழர் கண்கள் விரியக் கேட்டிருக்கமாட்டார். இருக்கும் தோழரே, இருக்கும். அதுதான் என் கல்லூரிக் கட்டணம் கட்டியது.

அது வெறும் வேடிக்கைக் கேள்வியாக நின்றுவிட்டால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்கமாட்டேன். அண்ணன் முறையுள்ள ஒருவர் பட்டம் பெற்றுப் பெருநகரில் வேலை தேடிப் போனார். தங்குவதற்கு அறை கேட்ட இடத்தில், "எந்த ஊர்?" என்ற கேள்விக்கு அவர் விடை சொன்னதும் வீட்டுக்காரர், "உங்கள் பக்கம் எல்லாம் வெட்டுக்குத்து ஆயிற்றே தம்பி" என்று கதவைச் சாத்தினாராம். அந்த வீட்டுக்காரர் எங்கள் ஊருக்கு வந்தவரல்லர். அவர் வந்ததெல்லாம் திரையரங்குக்கு. எங்கள் குடும்பங்களில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்கு வந்திருப்பவர்கள் நாங்கள். எங்கள் சான்றிதழை யாரும் படிக்குமுன் எங்கள் மாவட்டத்தின் பெயர் படிக்கப்படுகிறது. அந்தப் பெயருக்குப் பொருள் எழுதுவது சினிமாவாக இருக்கிறது.

எங்கள் மாவட்டத்தில் வெட்டுக்குத்தே நடந்ததில்லை என்று நான் வாதிட வரவில்லை. சாதிப் பகை ஊர்களை எரித்ததை எங்கள் பெற்றோர் தலைமுறை கண்டிருக்கிறது. மறைப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் நடந்ததைக் காட்டுவது வேறு, நடந்தது மட்டுமே நாங்கள் என்று காட்டுவது வேறு.

பேச்சைப் பாருங்கள். 'லே' என்ற ஒட்டு எங்களிடம் உண்டு. அதை நண்பனிடம் சொல்வோம், தம்பியிடம் சொல்வோம், கோபத்திலும் சொல்வோம். பெரியவர் முன் அதைச் சொன்னால் பல் இருக்காது! படத்திலோ மகன் தகப்பனுக்கும், மாணவன் ஆசிரியருக்கும் 'லே' போடுகிறான். அதே பேச்சில் 'அவிய வந்தாவ', 'ஆச்சி சொன்னாவ' என்று மரியாதைக்கென்றே ஒரு வடிவம் இருக்கிறது. ஒருவர் இல்லாத இடத்திலும் அவரை 'வந்தாவ' என்றே சொல்லும் பழக்கம் எங்கள் வீடுகளில் உண்டு. எத்தனை படங்களில் அதைக் கேட்டிருக்கிறீர்கள்? மரியாதையை விட்டுவிட்டு முரட்டுத்தனத்தை மட்டும் பொறுக்கிச் செல்கிறார்கள். ஜப்பானியத் தாத்தாவின் அகிதாப் பேச்சு தமிழுக்கு வரும்போது தொலைகிறது. எங்கள் பேச்சு தமிழிலிருந்து தமிழுக்கு வரும்போதே தொலைகிறது.

பெண்களின் நிலை இன்னும் கேடு. கடற்கரைப் படங்களில் பெண்ணின் வேலை கரையில் நின்று கடலைப் பார்ப்பது. எங்கள் பெண்கள் நின்று பார்ப்பதற்கு நேரமில்லாதவர்கள். மீனைக் கூடையில் சுமந்து தெருத்தெருவாக விற்பவர்கள் அவர்கள். ஓலைப் பெட்டி முடைபவர்கள் அவர்கள். பனையில் பாதித் தொழில் மரத்தில் என்றால் மறுபாதி விடிலியில், அடுப்படியில். ஆண் இறக்கிய பதநீரை அன்றைக்கே காய்ச்சியாக வேண்டும். கலயத்தில் தடவிய சுண்ணாம்பு அது கள்ளாகாமல் காக்கும். ஆனாலும் அது எவ்வளவு நேரம் தாங்கும்? காய்ந்த ஓலையும் உடைமுள்ளும் எரியும் அந்தப் புகைக்குள் நின்று, பொங்கி வழியாமல் துழாவி, பாகுப் பதம் வந்ததா என்று ஒரு துளியைத் தண்ணீரில் விட்டுப் பார்த்து, சிரட்டைகளில் ஊற்றி ஆறவைப்பது முழுவதும் அம்மா. பதம் ஒரு நிமிடம் தவறினால் ஒரு நாள் உழைப்பு இளகிப் போகும். புவிசார் குறியீடு பெற்ற உடன்குடிக் கருப்பட்டி என்று கடைகளில் எழுதி வைத்திருக்கிறார்களே, அந்தக் குறியீட்டின் பின்னால் இருப்பது இந்தப் புகை. நான் பார்த்த படங்களில் இப்படியொரு பெண் கதாநாயகியின் தாயாகக்கூட வந்ததில்லை. 2019இல் 'சில்லுக்கருப்பட்டி' என்று ஒரு படம் வெளிவந்தபோது ஆவலோடு பார்த்தேன். நல்ல படம்தான். ஆனால் நான்கும் சென்னைக் கதைகள்! பெயர் மட்டும் எங்களுடையது.

ஒரு படம் மக்களின் மனத்தில் எவ்வளவு ஆழமாக இறங்குகிறது என்பதற்கு எங்கள் பக்கத்திலேயே கசப்பான சான்று உண்டு. இயக்குநர் ஹரி எங்கள் மாவட்டத்தவர். அவருடைய 'சிங்கம்' 2010இல் வந்தது. எங்கள் பகுதியில் மளிகைக் கடைக் குடும்பத்தில் பிறந்து காவல் உதவி ஆய்வாளர் ஆனவன் அதன் நாயகன். கடை வைத்துப் பிழைப்பது எங்கள் ஊர்க்காரர் ஊரூராய்ச் செய்யும் தொழில். அதைச் சரியாகவே பிடித்திருந்தார். ஆனால் அந்த நாயகன் ஓங்கி அறையும் போதெல்லாம் அரங்கம் கைதட்டியது. எங்கள் தெருப் பிள்ளைகளும் கைதட்டினோம். 2020 ஜூன் மாதம் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனுமான இரண்டு வணிகர்கள் காவல் நிலையத்தில் தாக்கப்பட்டுப் பின்னர் உயிரிழந்தார்கள். எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ஊர். அப்போது ஹரி, காவல்துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்கள் எடுத்ததற்காக வேதனைப்படுவதாக அறிக்கை விட்டார். அதைச் சொல்லத் துணிவு வேண்டும், அதை மதிக்கிறேன். ஆனாலும் கேட்கிறேன்: படம் எடுக்கும்போதே ஒரு காவல் நிலையத்தின் வாசலில் ஒரு பகல் முழுதும் உட்கார்ந்து, உள்ளே போகிறவர் முகத்தையும் வெளியே வருகிறவர் முகத்தையும் பார்த்திருக்கலாமே?

சரியாகக் காட்டியவர்களே இல்லையா? இருக்கிறார்கள். ஸ்ரீவைகுண்டம் பக்கம் புளியங்குளத்தில் பிறந்த மாரி செல்வராஜ் 2024இல் எடுத்த 'வாழை'யைப் பார்த்தபோது என் கழுத்து வலித்தது. விடுமுறை நாளில் வாழைத்தார் சுமக்கப் போகும் பையன், அதிலிருந்து தப்பிக்க அவன் செய்யும் தந்திரம், ஒரு தாருக்கு ஒரு ரூபாய் கூலி உயர்வுக்காக நடக்கும் வழக்கு. அந்த ஒரு ரூபாய் இருக்கிறதே, அதுதான் எங்கள் மாவட்டம்! நூறு அரிவாள் சொல்லாததை அந்த ஒரு ரூபாய் சொல்லிவிட்டது. சேற்றில் கால் எப்படி வைத்தால் வழுக்காது என்பது அந்த நடிகர்களின் பாதத்தில் தெரிந்தது. சுமந்தவன் எடுத்த படம் அது.

அவருடைய 'கர்ணன்' 2021இல் வந்தபோது வேறொரு செய்தி நடந்தது. 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்தில் நடந்த காவல்துறைத் தாக்குதலை நினைவூட்டும் கதை. படத்தில் காலம் 1997 என்று காட்டப்பட்டது. எந்த ஆட்சியில் நடந்ததை எந்த ஆட்சியின்மேல் ஏற்றுவது என்று கண்டனம் எழுந்தது. பின்னர் அந்த எழுத்து தொண்ணூறுகளின் பிற்பகுதி என்று மாற்றப்பட்டது. இரண்டு ஆண்டு வேறுபாட்டுக்காக மாநிலமே பேசியது. பேசட்டும், வேண்டியதுதான். ஆனால் ஆட்சியின் பெயருக்குக் கேடு வந்தால் திருத்தம் கேட்க ஆளிருக்கிறது; பனையேறியின் அரிவாளைக் கொலைக்கருவி ஆக்கினால் திருத்தம் கேட்க யார் இருக்கிறார்கள்?

இந்தக் கட்டுரையின் முதற்படியைப் படித்த நண்பன் ஒருவன், "சினிமா என்ன, மக்கள்தொகைக் கணக்கெடுப்பா? எல்லாவற்றையும் அப்படியே காட்ட வேண்டுமானால் ஜன்னலைத் திறந்து பார்த்துக்கொள்ளலாமே" என்றான். கூர்மையான கேள்விதான். அதற்கு என் விடை டோரேமானில் இருக்கிறது. வருங்காலத்திலிருந்து வந்த பூனை இயந்திரம், வயிற்றுப் பையிலிருந்து பறக்கும் கருவியை எடுக்கிறது. இதைவிடப் பொய் வேண்டுமா? ஆனால் அந்தப் பூனை தின்னும் பயற்று இனிப்பு மெய். மதிப்பெண் குறைந்த தாளை ஒளித்துவைக்கும் பையனும், அதைக் கண்டெடுத்துத் திட்டும் அம்மாவும் மெய். பெரிய பொய்யைச் சொல்பவன் சிறிய மெய்களைப் பிசகாமல் சொல்கிறான். அதனால்தான் அந்தப் பொய்யை நாம் மகிழ்ந்து ஏற்கிறோம். நம்மவரோ பெரிய மெய்யைச் சொல்லப்போவதாகத் தொடங்குகிறார்கள். கதையில் கொலை மெய், பகை மெய், சாதி மெய். ஆனால் உட்காரும் விதம், உண்ணும் விதம், கூப்பிடும் விதம் எல்லாம் பொய். நல்ல கருப்பட்டியா என்று பார்க்க எங்கள் ஊரில் அதை உடைத்துப் பார்ப்பார்கள். சீனி கலந்திருந்தால் உள்ளே மினுக்கும். இந்தப் படங்களை எந்த இடத்தில் உடைத்தாலும் மினுக்குகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது நம்மைப் பற்றியது. தசராவுக்குக் குலசேகரன்பட்டினத்தில் முத்தாரம்மனுக்கு வேடம் கட்டுவது எங்கள் பகுதி வழக்கம். காளி, குறவன், குரங்கு, அரசன் என்று விரதமிருந்து கட்டிய வேடத்தைக் கோயிலில் களைந்துவிட்டு வீடு திரும்புவோம். இப்போது நம் இளைஞர் சிலர் ஆண்டு முழுவதும் களையாத ஒரு வேடம் கட்டியிருக்கிறார்கள். தேரிக்காட்டில் நின்றுகொண்டு, சினிமாப் பாட்டைப் பின்னால் ஓடவிட்டு, அரிவாளைச் சுழற்றி, செல்பேசியில் முப்பது நொடிப் படம் எடுத்துப் போடுகிறார்கள். அப்படிப் போட்டதற்காகக் கைதான இளைஞர்களைப் பற்றி நாளிதழில் படிக்கிறோம். அவர்களுள் பலரின் பாட்டனார் பனையேறியாகவோ கடலோடியாகவோ இருந்திருப்பார். பாட்டனாரின் கருவியை அவர் எதற்குப் பிடித்தார் என்பது பேரனுக்குத் தெரியாது. சினிமாவில் எதற்குப் பிடிக்கிறார்கள் என்பது தெரியும். முதலில் திரை எங்களைத் தவறாக வரைந்தது. இப்போது நாங்களே அந்தப் படத்தைப் பார்த்து எங்களை வரைந்துகொள்கிறோம். ஜப்பானை யார் எப்படி வரைகிறார்கள் என்ற வாதத்தைவிட இது எனக்கு அவசரமாகப் படுகிறது.

முப்பது நொடி போதும் என்றால், அந்த முப்பது நொடியில் பாளை சீவுவதைக் காட்டலாம். ஒரு சிரட்டைப் பாகு ஆறிக் கட்டியாவதைக் காட்டலாம். மீன் ஏலத்தில் விரலால் விலை பேசுவதைக் காட்டலாம். நம் கல்லூரியில் செல்பேசி இல்லாத மாணவர் எத்தனை பேர்? தமிழ்த்துறைப் பேராசிரியர்கள் வட்டார வழக்கைப் பதிவு செய்யச் சொல்லிக்கொண்டேயிருக்கிறார்கள். நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்கு ஆண்டுதோறும் ஊர் தேடுகிறோம். உடன்குடி, மணப்பாடு, ஸ்ரீவைகுண்டம், ஏரல், காயல்பட்டினம் என்று ஊருக்கு ஒருவராவது நம் வகுப்பறைகளில் இருக்கிறார்கள். அவரவர் வீட்டு வேலையை அவரவர் எடுத்தால் போதும். ஒருவர் ஒரு வேலையை, அது தொடங்கும் நேரத்திலிருந்து முடியும் நேரம்வரை, பின்னணி இசை இல்லாமல்.

நானும் ஒன்றை எடுப்பதாக இருக்கிறேன். மாசியில் பதநீர் இறங்கத் தொடங்கும். காலை நான்கு மணிக்கு அப்பா தளைநாரை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது தொடங்கி, மாலையில் விடிலியில் கடைசிச் சிரட்டை ஊற்றும்வரை. அப்பாவிடம் கேட்டேன். "மரத்துல நிக்கையில பேச்சுக் குடுக்கக் கூடாது" என்று ஒரே நிபந்தனை போட்டார். அம்மாவின் நிபந்தனைதான் கடினமானது. படம் எடுக்க வருகிறவர் யாராயிருந்தாலும், அன்று முழுவதும் அடுப்புக்கு ஓலை தள்ள வேண்டுமாம். கூட வர விருப்பமுள்ள நண்பர்கள் இப்போதே பெயரைக் கொடுக்கலாம்.